பூஜ்ஜியம் வந்தால் இல்லை

பக்கத்து வீட்டில் சத்தம் வந்தால் எனக்குக் கவலையில்லை. சத்தம் நின்றால்தான் கவலை. அண்ணன், அண்ணி, தங்கை என்று மூன்றே பேர் இருக்கும் வீடு. ஆனால் முப்பது பேர் குடியிருக்கிற மாதிரி பேச்சு. அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர், கடைசி இருக்கைவரை கேட்கப் பேசியே பழகியவர். மற்ற இரண்டு பேரும் அவருக்கு ஈடு கொடுத்து ஈடு கொடுத்து அப்படியே ஆகிவிட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கட்டினவர் செங்கல்லில் மிச்சம் பிடித்த சுவர். நான் ஒட்டுக் கேட்கிறேன் என்று மாடி வீட்டுக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். காதைக் கழற்றி ஆணியில் மாட்டி வைக்க முடிந்தால் நான் மாட்ட மாட்டேனா?

அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தங்கை போனில் பேசுவது கேட்டது. "அப்பாடா. இப்பதான் எனக்கு மூச்சே வருது அண்ணி. அந்த ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எதையோ வாய்விட்டு வாசிக்கும் முணுமுணுப்பு. பிறகு ஒன்றுமில்லை. நாற்காலி நகரவில்லை, குழாய் திறக்கவில்லை, பாத்திரம் உருளவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

அது என்ன மாதிரி மௌனம் என்று புரிய வேண்டுமானால் அவள் செய்கிற வேலையை முதலில் சொல்ல வேண்டும்.

கட்டடத்தில் அவளுக்குக் கையேட்டுக்காரி என்று பெயர். மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரிக்காமல் அலமாரியில் போடுவோமே, அதை எழுதவும் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள் என்பதே இவள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவள் எழுதுவதோ மனிதர்களுக்குக்கூட இல்லை. கம்ப்யூட்டருக்குள் குவிந்து கிடக்கும் கோப்புகளில் வேண்டியதைத் தேடிக் கொடுக்க ஒரு கருவி. அதன் கையேட்டைப் படித்துவிட்டு அந்தக் கருவியால் தேடப்போவது ஒரு ஏஐ ஏஜென்ட், அதாவது ஒரு மென்பொருள். ஏஜென்ட் என்றதும் நான் வீடு பிடித்துக் கொடுக்கிற ஆளாக்கும் என்று நினைத்தேன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் அக்கா. ஆனா இது சொன்ன வேலையைச் செய்யும்" என்றாள்.

"படிக்குமா?"

"நாம எழுதறதை ஒரு எழுத்து விடாம படிக்கும். படிச்சதை அப்படியே நம்பும். மிக்ஸி வாங்கினவங்க மாதிரி இல்ல. அதான் எனக்குப் பயமாவும் இருக்கு."

அப்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எழுதிய வாக்கியத்தை எல்லாம் பால்கனியில் நடந்துகொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். துணி காயப்போடுகிற சாக்கில் நானும் அந்தக் கையேட்டில் பாதியை மனப்பாடம் செய்துவிட்டேன். சோதனைக்கு அவளுக்கு வாய்த்த எலி அண்ணன்தான்.

"அண்ணே, அலமாரியில கத்திரிக்கோல் இருக்கா பாருங்க."

இரண்டு நிமிஷம். "இல்ல பாப்பா."

அண்ணி எழுந்துபோய், மேலே கிடந்த செய்தித்தாளை ஒரு விரலால் தூக்கிக் கத்திரிக்கோலை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடிப்பாள். "இது என்னங்க, கரண்டியா?"

"பேப்பரைத் தூக்கிப் பாருன்னு அவ சொல்லலையே."

"பாத்தீங்களா அண்ணி, என் ஏஜென்ட்டும் அச்சு அசல் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே தங்கை ஓடிப்போய் எழுதுவாள். அப்படி எழுதியதுதான் முதல் பக்கத்தில் இருந்த அந்த வரி. இந்தக் கருவி விலக்குப் பட்டியலில் உள்ள கோப்புறைகளைத் திறந்து பார்க்காது. முடிவு பூஜ்ஜியம் என்று வந்தால் கோப்பு இல்லை என்று முடிவு கட்டாதே, பட்டியலைத் தளர்த்தி இன்னொரு முறை தேடு. பட்டியல் என்றால் வேறொன்றுமில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் பழைய குப்பை என்று சிலதை ஒதுக்கி வைப்பார்களாம். அதையும் கிளறினால் தேடல் ஆமை வேகத்தில் போகும் என்று, 'இந்தப் பக்கம் போகாதே' எனக் கருவிக்குச் சொல்லி வைத்துவிடுவார்களாம்.

நல்ல வரி. நானே கைதட்டியிருப்பேன், கையில் ஈரத்துணி இல்லாமலிருந்தால். ஆனால் சோதித்துப் பார்த்தபோது ஏஜென்ட்டுக்கு சந்தேகப் புத்தி பிடித்துக்கொண்டதாம். பூஜ்ஜியம் வந்தால் மறுபடி தேடுகிறது, மறுபடி பூஜ்ஜியம், மறுபடி தேடுகிறது. ஒரே கோப்புக்குப் பன்னிரண்டு முறை. அவளுடைய மேலாளர் போனில் கத்தினார். அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நல்ல பழக்கம்.

"என்னம்மா இது, வீட்டைப் பூட்டிட்டு நாலு தடவை திரும்பி வந்து இழுத்துப் பாக்கற ஆள் மாதிரி பண்ணுது. நாளைக்கு வெளியிடணும். அந்தச் சந்தேகத்தை எல்லாம் தூக்கிப் பின்பக்கத்துல போடு. முதல் பக்கத்துல நறுக்குன்னு ஒரு வரி எழுது."

"பின்பக்கத்தை அது தேவைப்பட்டாத்தான் சார் திறக்கும்."

"தேவைப்பட்டா திறக்கட்டும்."

அவள் பால்கனிக்கு வந்து ரொம்ப நேரம் நின்றாள். பிறகு நறுக்கென்று எழுதினாள். முடிவு பூஜ்ஜியம் என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. நாலைந்து முறை படித்துப் பார்த்தாள். எனக்கும் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. இது நடந்து பதினோரு வாரம்.

இப்போது அண்ணன் கதை. அவருக்குப் பித்தப்பையில் கல். அன்று மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷன். அண்ணி முதல் நாளே அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பஸ் ஓட்டுகிற கல்நெஞ்சக்காரருக்கு வயிற்றிலும் கல்லா என்று நாங்கள் கேலி பேசினோம். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தாடை இறுகி, உடம்பு அனலாய்க் கொதித்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அம்மா தாழ்வாரத்தில் ஐஸ் வாளியோடு ஓடியது அவளுக்கு நினைவிருக்கிறது. வாளியிலிருந்து தரையில் சிந்திய ஐஸ் துண்டில் ஒரு நர்ஸ் வழுக்கி விழுந்தது நினைவிருக்கிறது. மருந்தின் பெயர் மட்டும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அம்மா. அவர் போய் ஏழு வருஷமாகிறது. அண்ணனைக் கேட்டால், "காய்ச்சல் அடிச்சுது, விட்டுது. உனக்குத்தான் எல்லாம் சினிமா" என்பார்.

செவ்வாய்க்கிழமை அவள் மயக்க மருந்து டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம். பழைய பதிவுகளைத் தேடச் சொல்கிறேன், அப்படி எதுவும் இருந்தால் மருந்தையே மாற்றிவிடலாம் என்றாராம். தேடிய ரிப்போர்ட்தான் வியாழக்கிழமை காலை வந்தது. எதுவுமில்லை, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக அண்ணி போன் செய்தாள். அதற்குத்தான் அந்த அப்பாடா.

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன். நான் கதவைத் தட்டினேன். பூட்டவில்லை. அவள் உணவு மேஜையில் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, இதைப் படிங்க."

படித்தேன். கோப்புகள் தேடப்பட்டன. மயக்க மருந்து தொடர்பான பாதிப்பு, முடிவு பூஜ்ஜியம். அப்படி ஒரு கோப்பு இல்லை.

"நல்லதுதானே" என்று சொல்ல வாயெடுத்தேன்.  துணி காயப்போட்டுக்கொண்டு நான் எத்தனை முறை கேட்ட வரி அது.

"இது டாக்டர் சொல்லல அக்கா" என்றாள் மெதுவாக. "இது நான் சொன்னது."

அண்ணிக்கு போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, ஆபரேஷன் மாடிக்குப் போகிறவர்களிடம் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. அவள் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் வீட்டில் இருந்திருந்தால் எனக்கே ஏதாவது ஆகியிருக்கும்.

வாடகைக் காரில் ஏறினோம். சிக்னலில் ஒரு பேருந்து பக்கத்தில் வந்து நின்றபோது, ஓட்டுநர் இருக்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

பதிவறை தரைத்தளத்தில் இருந்தது. ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு கம்ப்யூட்டர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு ஊழியர். நல்ல மனுஷர், அதுதான் ஆபத்து. கோபக்காரராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"தேடியாச்சேம்மா. நானேதான் அனுப்பினேன்."

"பழைய பதிவெல்லாம் எங்க சார் இருக்கு? முப்பது வருஷத்துக்கு முந்தினது?"

"எல்லாம் டைப் அடிச்சு உள்ள ஏத்தியாச்சு. 'பழையது'ன்னு தனியா ஒரு ஃபோல்டர். ரொம்பப் பெருசு. அதைச் சேத்தா மெஷின் படுத்துடும்னு விலக்கு லிஸ்ட்டுல போட்டு வச்சிருக்கோம்."

அவள் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அதுக்குள்ள தேடல."

"இல்லம்மா, முழுசாத் தேடிருச்சு. இருங்க, கேட்டே காட்டறேன்." அண்ணனின் நோயாளி எண்ணைத் தட்டினார். திரையில் பதில் வந்தது. கருவியின் கையேட்டின்படி, முடிவு பூஜ்ஜியம் என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பரிவோடு பார்த்தார். "பாருங்க, கையேட்டுலயே போட்டிருக்கு."

"அந்தக் கையேட்டை எழுதினது நான்தான் சார்."

"அப்படியா? அப்போ சரியாத்தானே எழுதியிருப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு ஐந்து.

"அந்த 'பழையது'ல தேடுன்னு நீங்களே அதுக்குச் சொல்லுங்க."

"இதுல எண்ணும் விஷயமும் போட மட்டும்தான் இடம் இருக்கு. மத்ததெல்லாம் அதுவா கையேட்டைப் படிச்சு முடிவு பண்ணிக்கும்."

"லிஸ்ட்டை மாத்த முடியாதா?"

"அதை மாத்தற தம்பி மத்த கட்டடத்துல இருக்காப்ல. சாப்பாட்டுக்குப் போயிருப்பாப்ல."

அவள் மடிக்கணினியில் கையேட்டைத் திறந்துகொண்டே மேலாளருக்குப் போன் செய்தாள், ஸ்பீக்கரில்.

"முதல் பக்கத்துல அந்தப் பழைய வரியைத் திரும்பப் போடறேன் சார். இப்பவே வெளியிடணும்."

"மூணு பேர் பாத்துக் கையெழுத்துப் போடணும், உனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் பாக்கலாம்மா. யார் குறை சொன்னா இப்போ?"

"ஒரு மணிக்கு எங்க அண்ணனை உள்ள தள்ளிட்டுப் போறாங்க சார்."

போனில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"போடு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, மேல போங்க. மூணாவது மாடி. எதையாவது பேசி நிறுத்தி வைங்க. உங்களால முடியும்."

வாழ்க்கையில் என் வாய்க்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. மூச்சு வாங்க ஏறினேன். அண்ணன் பச்சைத் துணியில் சுருட்டியது போல் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தார், தலைமாட்டில் அண்ணி. முன்னால் இருந்த ஆளுக்கு ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். இவரை இப்போதே உள்ளே கொண்டுபோகிறார்களாம்.

"அட, நீங்களுமா? ஆபரேஷன் தியேட்டர்ல சுவர் கொஞ்சம் தடிமன், ஒண்ணும் கேக்காது" என்றார் அண்ணன்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கட்டிலைத் தள்ளிய நர்ஸிடம் பேச ஆரம்பித்தேன். எந்த மருந்து, யார் கொடுப்பது, அவருக்கு எத்தனை வருஷ அனுபவம், என் நாத்தனாருக்கு ஒருமுறை என்ன ஆனது. எனக்கு நாத்தனாரே கிடையாது. நர்ஸ் கட்டிலைத் தள்ளினாள், நான் இழுத்தேன். அண்ணி மிரண்டுபோய், "என்ன ஆச்சு, எங்க அவ, எதுக்குக் கட்டிலை இழுக்கறீங்க?" என்றாள்.  அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டு கம்பியைப் பிடித்த என் கையையே பார்த்தார். "பாப்பா எங்க?" என்றார். பேருந்துக் குரல் இல்லை அது. தாடை இறுகிய அந்த நாளை அவர் மறக்கவேயில்லை என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

சத்தம் கேட்டு மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். "யாரும்மா நீங்க?"

"பக்கத்து வீடு."

"கம்பியை விடுங்க."

"விடறேன் டாக்டர். அஞ்சு நிமிஷம்."

"ஏன்?"

ஏன் என்று ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பேசுகிறவள் நான். "பேப்பரைத் தூக்கிப் பாக்கல டாக்டர்" என்றேன். அவர் நர்ஸைப் பார்த்தார். என்னையும் ஒரு கட்டிலில் போடலாமா என்ற பார்வை.

தாழ்வாரத்தின் கோடியில் அவள் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள், சுவரைத் தொட்டுக்கொண்டு.  ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, கிடைத்திருக்கிறது. கையில் ஒரே ஒரு தாள், அந்தப் 'பழையது'க்குள்ளிருந்து எடுத்தது. டாக்டரிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். மேலிருந்து இன்னொரு முறை படித்தார். திறந்திருந்த கதவு வழியே உள்ளே ஒரு மேஜையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தட்டில் ஊசிகளை நிரப்பி வரிசையாக வைத்திருந்தார்கள்.

"அந்த ரெண்டாவது சிரிஞ்சை எடுத்துடுங்க" என்றார் நர்ஸிடம், மிக அமைதியாக. "மயக்க வாயு மெஷினும் வேணாம். இன்னிக்கு இவர் வேணாம். நாளைக்கு வேற மருந்துல செய்யலாம்." பிறகு அவளிடம் திரும்பி, "காலையில பூஜ்ஜியம்னு வந்துதே" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிற குரல். 

அண்ணன்தான் பேசினார். "இன்னொரு நாளும் பட்டினியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேறு மருந்தில் ஆபரேஷன் நடந்தது. கல் ஒரு சின்ன டப்பாவில் வீட்டுக்கு வந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் எடுத்துக் காட்டுகிறார். இரண்டு முறை பார்த்தாகிவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்குவேன். சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மேலாளரோடு பேசுவது கேட்டது. இந்த முறை அவள் குரல் தாழ்ந்திருந்தது. நான் காதைச் சுவரில் வைக்க வேண்டியதாயிற்று.

"பதினோரு வாரம் சார். எத்தனை இடத்துல ஓடுது நம்ம கருவி?"

"நூத்திச் சொச்சம்."

"என்ன மாதிரி இடம்?"

"எல்லாமும்தான். கோர்ட்டு, பென்ஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, காணாமப் போனவங்க லிஸ்ட் வச்சிருக்கிற ஆபீஸ் கூட."

"பூஜ்ஜியம் வந்த தேடல் அத்தனையையும் திரும்ப ஓட்டணும் சார். ஒவ்வொரு இடத்துக்கும் எழுதிச் சொல்லணும். என் பேரைப் போட்டே எழுதறேன்."

பார்க்கலாம் என்றார் அவர்.

அவள் பால்கனிக்கு வந்தாள். காயப்போடத் துணி எதுவும் இல்லாமல் நான் கொடியருகே நின்றிருந்தேன், ஒட்டுக் கேட்டதை மறைக்கவும் தோன்றவில்லை. எந்த ஜன்னல் முன்னாலோ ஒரு ஆள் நின்று, "இருக்கும்மா, நல்லாப் பாருங்க, நானே கொண்டாந்து கொடுத்தேன்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பது போலவும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு நல்ல மனுஷர் தலையை ஆட்டுவது போலவும் எனக்கு ஒரு காட்சி. அவளுக்கு நூறு காட்சி இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கைபேசியைப் பால்கனிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டி என்னிடமே காட்டினாள். ஒரே வரி. எங்கள் ஏஜென்ட் மூலம் முழுவதும் தேடிப் பார்த்தோம். இது தொடர்பாகப் புகார் எதுவும் இல்லை.

 பிறகு அவள் கைபேசியை வாங்கி, கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பதில் எழுதினாள்.

எங்கே தேடினீர்கள்?

அனுப்பிவிட்டு, திரையை அணைக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.